வாசலில் நிற்கும் பாரம்



வீடு கட்டுகிறவர் வாசற்கதவைப் பற்றி எண்ணும்போது முதலில் நினைப்பது திருடனைத்தான். தகடு எவ்வளவு தடிமன், பூட்டு எந்த வகை, மேலே கூரிய முனைகள் வைக்கலாமா என்றெல்லாம் பட்டறையில் நின்று நெடுநேரம் பேசுகிறார். ஆனால், வெளியாரைத் தடுப்பதற்காகச் செய்யப்படும் அந்தக் கதவை ஒரு நாளில் இருபது முறை திறந்து மூடப்போகிறவர்கள் தம் வீட்டாரே என்பதை அவர் அந்த நேரத்தில் எண்ணிப் பார்ப்பதில்லை. திருடன் ஒருவேளை வராமலே போகலாம். பேரப்பிள்ளை நாள்தோறும் வருவான்!

மதரஸாவில் பாடம் சொல்லிக் கொடுக்கும் நீர், கல்லூரியில் வரலாறு படித்தவர், இரும்பையும் எந்திரத்தையும் பற்றி எழுத உமக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என்னிடம் ஓதுகின்ற ஒரு பிள்ளைக்கு நேர்ந்த விபத்துதான் என்னை இந்த விஷயத்தின் பக்கம் திருப்பியது. அதன்பின் எங்கள் தெருவின் கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வெல்டிங் பட்டறை நடத்தும் அண்ணாச்சி ஒருவரின் பக்கத்தில் நின்று கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டேன். அவற்றையே இங்கு எழுதுகிறேன். குறிப்பாக, கணவரும் பிள்ளைகளும் அயல்நாட்டில் இருக்க, வீட்டுப் பொறுப்பு முழுவதையும் சுமக்கின்ற சகோதரிகள் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

நம் ஊர்களின் பழைய வீடுகளில் திண்ணை இருந்தது, நடை இருந்தது, தேக்கு மரக்கதவு இருந்தது. நிறுத்தி வைக்க ஒரு சைக்கிள் இருந்தால் பெரிது. இன்று திண்ணை இருந்த இடத்தில் கார் நிற்கிறது. கார் நுழைய வேண்டுமானால் பத்து, பன்னிரண்டு அடி அகலத்துக்கு வாசல் வேண்டும். நம் தெருக்களோ குறுகியவை. இரட்டைக் கதவை வெளிப்பக்கம் விரித்தால் தெருவே அடைபடும். உட்பக்கம் விரித்தால் கார் நிற்க இடமிருக்காது. ஆகவே சுவரோடு சுவராக நகரும் ஸ்லைடிங் கேட் வந்தது. மாடிக்குக் கீழே கார் ஷெட் வைத்தவர்கள் கடைகளில் இருப்பதுபோல ஷட்டர் போட்டார்கள். வசதி மிகுந்தவர்கள் அவற்றுக்கு மோட்டாரும் பொருத்தினார்கள். கதவு மாறியது, ஆனால் கதவோடு பழகும் நம் பழக்கம் மாறவில்லை. மரக்கதவைத் தள்ளியது போலவே இரும்புக் கதவையும் தள்ளுகிறோம்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். பன்னிரண்டு அடி நீளமும் ஆறு அடி உயரமும் உள்ள கதவுக்கு 2 மில்லிமீட்டர் இரும்புத் தகடு அடித்தால், தகட்டின் எடை மட்டுமே 100 கிலோவைத் தாண்டும். சுற்றுச் சட்டம், குறுக்குச் சட்டம், சக்கரங்கள், அலங்கார வேலைப்பாடு ஆகியவற்றையும் சேர்த்தால் 150 கிலோவுக்கு மேல் போகும். இவ்வளவு பாரம் நம் வாசலில், பிள்ளைகள் விளையாடும் இடத்தில், செங்குத்தாக நின்றுகொண்டிருக்கிறது. அது எதனால் விழாமல் நிற்கிறது என்று நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

ஒரு விரல் நீள இரும்பு

சென்ற ஆண்டு எங்கள் தெருவில் நடந்தது இது. அந்த வீட்டுக்காரர் ஷார்ஜாவில் வேலை பார்ப்பவர். விடுமுறையில் வந்திருந்தபோது முன்னதைவிடப் பெரிய கார் ஒன்றை வாங்கினார். கதவை முழுவதும் திறந்தாலும் கார் தாராளமாக நுழைய அரை அடி இடம் போதவில்லை. கதவு இன்னும் சிறிது பின்னால் போனால் போதும். போகவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது, தண்டவாளத்தின் கோடியில் பற்றவைத்திருந்த ஒரு விரல் நீள இரும்புத் துண்டு. அதை அறுத்து எடுத்துவிட்டார்கள். கார் உள்ளே வந்தது. விடுமுறை முடிந்து அவரும் புறப்பட்டுப் போனார்.

இரண்டு மாதங்கள் ஒன்றும் நேரவில்லை. மூன்றாவது மாதம் ஒரு நாள், மஃரிபுக்குப் பிறகு ஓதிவிட்டு வீடு திரும்பிய அவருடைய எட்டு வயது மகன், சைக்கிளை உள்ளே கொண்டுவருவதற்காகக் கதவை ஓட்டமாகத் தள்ளியிருக்கிறான். நிற்க வேண்டிய இடத்தில் கதவு நிற்கவில்லை. மேலே பிடித்துக்கொண்டிருந்த உருளைகளைக் கடந்து சென்று, உட்புறமாகச் சாய்ந்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடியவர்கள் ஆறு பேர் சேர்ந்துதான் அதைத் தூக்க முடிந்தது. கதவின் மேல்முனை வீட்டுப் படிக்கட்டில் தங்கியதால் முழுப் பாரமும் பிள்ளைமீது இறங்கவில்லை. தொடை எலும்பு முறிந்தது. அல்ஹம்துலில்லாஹ், உயிர் பிழைத்தான். ஆனால் பழையபடி ஓடி ஆட அவனுக்குப் பல மாதங்கள் ஆயின.

விசாரிக்கச் சென்றவர்கள் எல்லாரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள்: “அல்லாஹ்வின் நாட்டம், பொறுமையாக இருங்கள்.” நானும் அதைச் சொல்லவே வாயெடுத்தேன். அதற்குள் பிள்ளையின் பாட்டியார், “நாட்டம் அவனுடையதுதான் ஹஜ்ரத், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இரும்புத் துண்டை அறுக்கச் சொன்னது நாம்தானே?” என்று கேட்டார்கள். அந்த அறையில் இருந்த ஒருவரிடமும் அதற்கு மறுமொழி இல்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் போதித்ததை நாம் மேடைதோறும் கேட்கிறோம். நம் தெருவில் ஒட்டகம் இல்லை, கதவு இருக்கிறது. அறுத்தெடுத்த தடையைத் திரும்பப் பற்றவைப்பதுதான் இங்கே கட்டுவது. அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, பின்னால் விதியின்மீது பழியைப் போடுவது பொறுமையாகாது.

ஸ்லைடிங் கேட்

கீல் போட்ட கதவைச் சுவர் பிடித்துக்கொள்கிறது. ஸ்லைடிங் கேட்டுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. அடியில் உள்ள சக்கரங்கள் அதன் எடையைச் சுமக்கின்றன; அவ்வளவுதான். சாயாமல் நிமிர்த்தி நிறுத்துபவை, மேலே தூணில் இருபுறமும் பொருத்திய கைடு ரோலர்கள் என்னும் சிறு உருளைகள். கதவின் மேற்சட்டம் அந்த உருளைகளுக்கு இடையே இருக்கும்வரை கதவு நிற்கும்; வெளியே போய்விட்டால் சாயும். கதவு அவ்வாறு வெளியே போகாமல் காப்பதுதான் இரு கோடியிலும் இருக்கும் ஸ்டாப்பர். விரல் நீளமே ஆயினும் கதவின் உயிர்நாடி அதுவே.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ஸ்டாப்பரைத்தான். கதவைக் கடைசிவரை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். அது இடித்து, உறுதியாக நிற்க வேண்டும். நின்ற நிலையில், கதவின் மேற்சட்டம் உருளைகளுக்குள் நன்றாக அகப்பட்டிருக்க வேண்டும். முனை மட்டும் தொட்டும் தொடாமலும் இருந்தால் அது போதாது. ஸ்டாப்பர் ஆடுகிறதா, பற்றவைத்த இடம் துருவேறி உப்பியிருக்கிறதா, சக்கரம் அதன்மேல் ஏறிப் போகும் அளவுக்குத் தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். மூடும் பக்கத்துக்கும் இதே சோதனைதான்.

இரண்டாவது, உருளைகள். கதவு மூடியிருக்கும்போது பக்கவாட்டில் நின்றுகொண்டு மேற்பகுதியை மெதுவாக அசைத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் தாராளமாக ஆடினால், உருளை தேய்ந்திருக்கிறது அல்லது அதன் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று பொருள். உருளை மலிவான பொருள்தான், மாற்றிவிடலாம். இதோடு, உருளை உடைந்தாலும் கதவைத் தாங்கிக்கொள்ளும்படி, சுவரில் அல்லது தூணில் மேற்சட்டத்தைச் சுற்றி ஒரு இரும்பு வளைவு வைத்துத் தரச் சொல்லுங்கள். அண்ணாச்சியிடம் இதைக் கேட்டபோது, “ஹஜ்ரத், அரை நாள் வேலை. ஆனா கேக்குறவங்கதான் இல்லை” என்றார்.

மூன்றாவது, தண்டவாளமும் சக்கரமும். நம்முடையது கடற்கரை ஊர். காற்றில் மணலும் உப்பும் வருகின்றன. தண்டவாளத்தில் மணல் சேர்ந்தால் கதவு முரண்டு பிடிக்கும். முரண்டு பிடிக்கும் கதவைப் பிள்ளைகள் ஓடிவந்து தோள்கொடுத்துத் தள்ளுவார்கள். தடை விலகியதும் அது கையை மீறி விரையும். ஆகவே கதவு எளிதாக நகர்வது வெறும் வசதி மட்டுமன்று, பாதுகாப்புமாகும். காய்ந்த துடைப்பத்தால் தண்டவாளத்தைப் பெருக்கினால் போதும். தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் துருதான் சேரும். சக்கரத்தில் அரைக்கும் ஒலி கேட்டால் பேரிங் போய்விட்டது என்று பொருள். எண்ணெய் விட்டு ஒலியை அடக்கிவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது.

நான்காவது, வெல்டிங் இணைப்புகள். சட்டமும் சட்டமும் சேரும் இடத்திலிருந்து செம்மண் நிறத்தில் கோடு வழிந்திருந்தால், உள்ளே விரிசல் இருக்கக்கூடும். மேலே பெயின்ட் அடித்து மறைக்காமல் பட்டறைக்காரரிடம் காட்ட வேண்டும். அவர் சரிசெய்த பின்னர் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசி, அதற்கு மேல் பெயின்ட் அடிக்கலாம்.

ஐந்தாவது, கதவைச் சுற்றிலும் நடந்த மாற்றங்கள். தெருவை உயர்த்தினார்களா? வாசலில் புதிய டைல்ஸ் பதித்தார்களா? தூணில் கார் இடித்ததா? இவற்றில் எது நடந்திருந்தாலும் மேற்சொன்ன நான்கையும் அன்றைக்கே ஒருமுறை பார்த்துவிட வேண்டும். எங்கள் தெருவில் நடந்ததும் அத்தகைய ஒரு மாற்றத்தினால்தான் அல்லவா?

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. சாயத் தொடங்கிய கதவைப் பிடிக்க யாரும் முயலக் கூடாது. 150 கிலோ பாரத்தை ஒரு மனிதன் கையால் தாங்க முடியாது. விலகி ஓடுவதே அறிவுடைமை. தண்டவாளத்திலிருந்து சக்கரம் இறங்கிவிட்டால் தனியாகத் தூக்கி வைக்கவும் கூடாது. பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள். சாய்வதற்கு வாய்ப்பில்லாத பக்கமாக நின்று கதவைக் கயிற்றால் தூணோடு கட்ட முடியுமானால் கட்டுங்கள். பிறகு ஆளை அழையுங்கள்.

ஷட்டர்

ஷட்டரின் அபாயம் வேறு வகையானது. அதன் பட்டைகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டு, மேலே ஓர் உருளையில் சுருண்டு ஏறுகின்றன. அவ்வளவு பாரத்தையும் ஒரு பெண்மணியோ முதியவரோ ஒற்றைக் கையால் தூக்க முடிவது எப்படி? உள்ளே முறுக்கி வைத்துள்ள ஸ்பிரிங் நமக்காகப் பாதிக்கு மேல் தூக்குகிறது. ஷட்டர் கீழே வரவர ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. மேலே போகும்போது அந்த முறுக்கைத் திருப்பித் தருகிறது. ஸ்பிரிங் தளர்ந்தால் பாரம் நம் கைக்கு வரும். அறுந்தால் ஷட்டர் மடமடவென்று இறங்கிவிடும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. பிள்ளைகள் அருகில் இல்லாதபோது ஷட்டரை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, கால்களை விலக்கி வைத்துக்கொண்டு, கைப்பிடியை மெதுவாகத் தளர்த்துங்கள். முறுக்குச் சரியாக இருந்தால் அது அங்கேயே நிற்கும், அல்லது மிக மெல்ல நகரும். தடாலென்று கீழே வந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. தானாக வேகமாக மேலே ஓடினால் முறுக்கு அதிகம். இரண்டுக்கும் ஷட்டர் மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஸ்பிரிங் இருக்கும் உருளையை வீட்டிலுள்ள யாரும் கழற்றிப் பார்க்கக் கூடாது. யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்று எந்த இளைஞர் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள். முறுக்கேறிய ஸ்பிரிங் விடுபட்டால் கையையும் முகத்தையும் பதம் பார்த்துவிடும். நாம் செய்யக்கூடியது, இருபுறமும் ஷட்டர் ஓடும் பள்ளத்திலிருந்து தூசியையும் மணலையும் துடைத்தெடுப்பது மட்டுமே. தூசியின் மேலேயே கிரீஸைப் பூசினால் அது சாந்துபோல் இறுகி ஷட்டரைத் தேய்க்கும்.

ஷட்டரை இழுத்து மூடும்போது பட்டைகளின் இடுக்கில் விரலை வைப்பவர்களைக் காண்கிறோம். கீழ்ச்சட்டத்தில் உள்ளும் புறமும் கைப்பிடி வைத்துவிட்டால் விரல்கள் தப்பும். எட்டாதவர்களுக்கு ஒரு கொக்கிக் கம்பி போதும். பாதி திறந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து போவதைப் பிள்ளைகளுக்கு மட்டுமன்றிப் பெரியவர்களும் தமக்குத் தாமே தடை செய்துகொள்ள வேண்டும்.

ஷட்டர் மூடிய கார் ஷெட்டுக்குள் ஜெனரேட்டரையோ கார் எஞ்சினையோ ஓடவிடுவதும் உயிருக்கு உலை வைப்பதாகும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. மூச்சு முட்டுகிறது என்று உணர்வதற்கு முன்பே மயக்கம் வந்துவிடும்.

மோட்டார் வைத்த கதவு

அமெரிக்காவில் கார் ஷெட் கதவுக்கு மோட்டார் வைப்பது நீண்ட நாளைய வழக்கம். அங்கே அந்தக் கதவுகளின் அடியில் சிக்கிப் பல குழந்தைகள் மாண்டார்கள். அதன் விளைவாக 1990-ல் அந்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. 1993 ஜனவரி முதல் தேதியிலிருந்து அங்கு விற்பதற்காகச் செய்யப்படும் வீட்டுக் கதவு மோட்டார்களில், எதன்மீதாவது முட்டினால் கதவு திரும்பிவிடும் ஏற்பாட்டோடு, ஒளிக்கண் போன்ற இன்னொரு காப்பும் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். ஏனெனில், முதல் ஏற்பாடு பழுதாகலாம். அல்லது தாமதமாக வேலை செய்யலாம். ஒரு காப்பை மட்டும் நம்பி ஒரு பிள்ளையின் உயிரை விடக் கூடாது என்பதே அந்தச் சட்டத்தின் சாரம்.

அவர்களின் சோதனை முறை நமக்கும் பயன்படும். மேலிருந்து இறங்கும் கதவானால், ஒன்றரை அங்குல உயரமுள்ள மரக்கட்டையைத் தரையில் படுக்கவைத்து, அதன்மேல் கதவை இறக்குகிறார்கள். தொட்ட இரண்டு விநாடிக்குள் கதவு திரும்பி மேலே போக வேண்டும். ஒளிக்கண்ணைத் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேற்படாத உயரத்தில் வைக்கிறார்கள். தவழும் குழந்தையும் அதன் பார்வையில் படவேண்டும் அல்லவா! கதவு மூடிக்கொண்டிருக்கும்போது குறுக்கே ஒரு துடைப்பத்தை நீட்டினால் அது நின்று திரும்ப வேண்டும். சுவரில் உள்ள பொத்தானைப் பிள்ளைகளுக்கு எட்டாதபடி ஐந்து அடி உயரத்துக்குக் குறையாமல் வைக்கிறார்கள்.

நம் ஊரில் மோட்டார் வாங்குகிறவர்கள் ஒளிக்கண் சேர்த்துத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். செலவு மிச்சம் என்று அதை விட்டுவிடாதீர்கள். ரிமோட்டைக் குழந்தையின் கையில் விளையாட்டுப் பொருளாகக் கொடுக்காதீர்கள். மின்சாரம் போனால் மோட்டாரை விடுவித்துக் கதவைக் கையால் திறக்கும் சாவி எங்கே இருக்கிறது, எப்படித் திருப்ப வேண்டும் என்பது வீட்டுப் பெண்கள் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பொருத்துகிறவர் போகுமுன்பே அதை ஒருமுறை உங்கள் கையாலேயே செய்து பார்த்துவிடுங்கள்.

யார் பார்ப்பது?

சகோதரிகளே! “இதெல்லாம் ஆம்பளைங்க பார்க்கிற வேலை” என்று பல வீடுகளில் சொல்லக் கேட்டேன். அந்த ஆண் மகன் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறார். கதவு அதுவரை காத்திருக்குமா? மேலே சொன்ன சோதனைகளில் வலிமை வேண்டுவது ஒன்றுமில்லை. கண்ணும் காதும் கால் மணி நேரமும் இருந்தால் போதும். பழுதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. பழுதைச் சரிசெய்வது பட்டறைக்காரர் வேலை. அவரிடம் “கதவு சரியில்லை” என்று மட்டும் சொல்லாமல், “பின்பக்க ஸ்டாப்பர் ஆடுகிறது”, “மேல் உருளை தேய்ந்திருக்கிறது” என்று சொல்லிப் பாருங்கள். வேலையும் ஒழுங்காக நடக்கும். வீண் செலவும் வராது.

வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். வீட்டை அழகுபடுத்துவதற்கு நீங்கள் செலவிடும் தொகையில் மிகச் சிறு பகுதி இதற்குப் போதும். புறப்படுவதற்கு முந்திய வாரத்தில் ஒரு காலைப்பொழுதைக் கதவுக்காக ஒதுக்குங்கள். வீட்டுப் பெண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். நீங்கள் போனபின் பார்க்கப்போகிறவர்கள் அவர்களே.

பிள்ளைகளுக்குச் சட்டம் எளிமையாக இருக்கட்டும். கதவில் ஏறக் கூடாது. கதவைப் பிடித்து ஊஞ்சலாடக் கூடாது. நகரும் கதவோடு ஓடக் கூடாது. என் மதரஸாவில் இதை ஓதும் பாடத்துக்கு முன் ஒரு நிமிடம் சொல்லி வருகிறேன். பத்து நாள் கழித்து, ஒரு சிறுமி தன் வீட்டு ஸ்டாப்பரைப் பற்றித் தன் பாட்டனாருக்கே பாடம் நடத்தியதாகக் கேள்விப்பட்டேன்!

மறந்து போகாமல் இருக்க ஒரு வழி உண்டு. நாம் மாதந்தோறும் பிறை பார்க்கிறோம். பிறை பார்த்த மறுநாள் காலையில் கதவையும் பார்த்துவிடுவது என்று ஒவ்வொரு வீட்டிலும் வழக்கமாக்கிக் கொள்ளலாம். எங்கள் தெருவில் சில வீடுகளில் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். இதுவரை மூன்று கதவுகளில் ஸ்டாப்பர் இல்லாததும், ஒன்றில் உருளை உடைந்திருந்ததும் தெரியவந்தன. நான்கும் சரிசெய்யப்பட்டுவிட்டன.

அடுத்த பிறைவரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த இதழை மடித்து வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போங்கள். தண்டவாளத்தின் கோடியில் அந்த விரல் நீள இரும்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அதைப் பற்றவைக்கும்வரை கதவைக் கட்டிப் பூட்டி, பிள்ளைகளை அதன் அருகே விடாதீர்கள்.